நாய்க்குத் தெரிந்த தமிழ்

பதினொரு மணிக்கு வருகிறேன் என்ற மனுசி பதினொன்றேகாலாகியும் வரவில்லை. வெள்ளைக்காரன் நேரம் தவறமாட்டான் என்று ஊரில் எவன் சொன்னானோ. முப்பத்தெட்டு வருசமாக இங்கிலாந்தில் இருந்து பார்க்கிறார் பரராசசிங்கம். ரயில் பிந்தும், டாக்குத்தர் பிந்துவார், மழை ஒன்றுதான் சொன்ன நேரத்துக்கு. கவிழ்த்த வாளிமேல் குந்தியிருந்தார். குந்தினால் எழும்ப முடியாது, எழும்பினால் குந்த முடியாது, முழங்கால் அப்படி. முன்னால் கம்பிக்கதவு. அந்தப்பக்கம் கிழித்த கடதாசிப் படுக்கையில் நாலு காலையும் ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு டென்னி கிடந்தது. புலிவரி போட்ட உடம்பு, ஊசி மூஞ்சி. ஓட்டநாய். ஓடின நாய் என்று சொல்லவேண்டும், யூன் மாதத்தோடு ஓட்டம் முடிந்தது. பன்னிரண்டு கூட்டில் பதினொன்று காலி. வருசம் பிறந்தால் இந்த நாய்க்கொட்டிலே இல்லை. ஓடுகிற மைதானத்தை மூடுகிறார்கள், அதில் வீடு கட்டப் போகிறார்களாம். இவருடைய முதலாளி, நாய்களைப் பழக்குகிற டோனல் கியோ, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அயர்லாந்தில் தங்கச்சி வீட்டோடு போய் இருக்கப் போகிறான். ஐந்து நாய் வேறு ஆளிடம் போயிற்று. ஆறு நாய் குடும்பங்களுக்குப் போயிற்று, செற்றியில் படுத்து டிவி பார்க்க. மிச்சம் இது. ஓய்ந்த நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற ஜூடித் என்ற மனுசி இரண்டு கிழமைக்கு முன்னம் வந்தாள். டென்னி, டென்னி என்று கூப்பிட்டாள். நாய் வேலியைப் பார்த்தது. விசிலடித்தாள். வேலியைப் பார்த்தது. தாளில் எழுதிவிட்டுப் போனாள்: கூப்பிட்டால் வராது, காது கேளாமல் இருக்கலாம், அல்லது மனுசரோடு ஒட்டாத நாய், குடும்பத்துக்கு ஆகாது. இன்றைக்கு இரண்டாந்தரம் பார்க்க வருகிறாள். கடைசித்தரமும் இதுதான். ஆகும் என்றால் இன்றைக்கே கூட்டிப் போவாள், ஒரு வாத்தியார் குடும்பம் காத்திருக்கிறதாம். ஆகாது என்றால் வெள்ளிக்கிழமை நாய் ஏற்றுகிற வான். வான் கப்பலுக்குப் போகும், கப்பல் அயர்லாந்துக்குப் போகும், அங்கே நாயின் சொந்தக்காரன் திருப்பி அனுப்பு என்றுவிட்டான். நொண்டிக்கால் நாயை அவன் என்னத்துக்குக் கேட்கிறான். அவனிடம் திரும்பிப் போன நாய்களைப் பற்றிப் பிறகு ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை. பரராசசிங்கமும் கேட்டதில்லை.

காது கேளாதாம். மூன்று வயல் தள்ளி முயல் தும்மினால் எழும்பி நிற்கிற காது. அதுக்கு இங்கிலீசு தெரியாது. அவ்வளவுதான் விசயம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இது தெரியும், அந்த ஆள் வாளியில் குந்தியிருக்கிறது. ஊரில் புரொக்டர் என்கிற வக்கீல் வீட்டு அல்சேஷன் நாய்க்குத் தமிழ் தெரியாது. சிட் டவுன் ஜிம்மி, கெட் அவுட் ஜிம்மி. புரொக்டர் பெஞ்சாதிக்கு இங்கிலீசில் தெரிந்தது அந்த இரண்டும்தான், அதையும் நாய்க்கே செலவழித்தாள். நாயோடு தமிழில் பேசுகிறவன் வறியவன் என்று நினைத்த ஊர். இங்கே வந்து, வெள்ளைக்காரன் நாட்டில், வெள்ளைக்காரன் நாய்க்கு, ஒரு வருசம் முழுக்கத் தமிழ். சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பும் நோகிறது. சனவரியில் வந்தது இந்த நாய். ஈரமான காலை, கப்பலால் இறங்கின வான், கதவைத் திறந்தால் ஆறு நாய், ஐந்து குதித்து இறங்கின. இது மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு காதிலும் பச்சை எழுத்து. அயர்லாந்தில் பிறந்ததென்றால் இரண்டு காதிலும் குத்துவார்கள், இங்கே பிறந்தால் ஒரு காது. கடதாசியில் அதற்குப் பெயர் நொக்கரா டிரம்மர், அது ஓடுகிற பெயர், மைதானத்தில் ஒலிபெருக்கியில் சொல்கிற பெயர். கூட்டில் கூப்பிட டென்னி. நாய்க்கு இரண்டும் தெரியாது. இவருக்கும் அப்படித்தான். பரராசசிங்கம் என்பது வாயில் நுழையாமல் கியோ முதல் நாளே பேரி என்று வைத்துவிட்டான். பேரி வாளி, பேரி தண்ணீர், பேரி சங்கிலி. கியோ வானுக்குள் தலையை விட்டு டென்னி டென்னி என்று கத்தினான், பிறகு நாயின் தாயை ஏசினான், பிறகு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். இவர் கையை நீட்டினார். நினைத்துச் சொல்லவில்லை. வாயில் இருந்தது, வந்தது. இஞ்ச வா மோனை. மகன் டொரொண்டோவில் இருக்கிறான், நாற்பத்தொரு வயது, அவனை மோனை என்று கூப்பிட்டு இருபது வருசம் இருக்கும். நாய் காதை நிமிர்த்தியது. இறங்கி வந்து அவர் கக்கத்துக்குள் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் நின்றது. கை விறைத்துப் போனது ஞாபகம் இருக்கிறது.

அதோடு பழகிவிட்டது. நாய்க்கல்ல, வாய்க்கு. வாய்க்கு ஒரு வழி கிடைத்தால் விடாது. காலை ஆறு மணிக்குக் கூட்டைக் கழுவும்போது தொடங்கும். கத்தரிக்காய் விற்கிற விலை. பஸ்ஸில் இருமினவன். வீட்டில் பெஞ்சாதி புவனேசுவரி பிரஷர் குளிசையை மறந்துவிட்டு விழுங்கினேன் என்று சாதிக்கிறது. தம்பி சபாநாயகம் எல்லை வேலிக் கதியாலை நகர்த்தினது, அதற்கு இவர் சொன்னது, அதற்கு அவன் சொன்னது, அதற்கு இவர் சொல்லாமல் விட்டது. பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. பெரிய இரகசியம் இருந்தால் ஒருவேளை மனுசரிடம் சொல்லியிருப்பார். பெப்ரவரியில் பழக்க ஓட்டம், மார்ச்சில் முதல் வெற்றி, ஓடத் திறந்துவிடுகிற ஆறாம் பெட்டியில் இருந்து, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு. ஓடமுன்னம் தராசில் ஏற்றுவார்கள், போனதரத்தை விட ஒரு கிலோ கூடக்குறைய இருந்தால் ஓடவிடமாட்டார்கள். பொறு மோனை என்றால் தராசில் சிலைபோல நிற்கும். காதுக்குள் சொல்லுவார், மற்றவனுக்குக் கேளாது. கியோவுக்கு அதிசயம். பேரி, உனக்கு மந்திரம் தெரியுமா என்பான். கியோ நாயோடு பேசமாட்டான், நாயின் காலோடுதான் பேசுவான், தடவித் தடவி, கண்ணை மூடிக்கொண்டு. நல்ல மனுசன். ஏப்ரல், மே, ஏழு ஓட்டத்தில் ஐந்து வெற்றி. கியோ தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு தன் இங்கிலீசில் சொன்னான், யூனில் பெரிய ஓட்டம், இங்கிலாந்து டெர்பி, ஓகஸ்டில் அயர்லாந்து டெர்பி, என்ர ஊரார் முன்னால இவனைக் கொண்டுபோய்க் காட்டுவன் பேரி. இவர் ம் என்றார். டெர்பி முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தது. இரண்டாம் சுற்று. பெட்டி திறந்தது. முதல் வளைவு. அந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு ஒவ்வொருமுறையும் கால் தடுக்கும். வளைவில் ஆறு நாயும் ஒன்றாக இறுகும், வெளிப்பக்கப் பின்கால்தான் பாரம் முழுக்கத் தாங்கும், வலது கால், குதிக்குமேல் ஒரு சின்ன எலும்பு. நாய் கத்தினது சனத்தின் சத்தத்துக்கு மேலால் கேட்டது. இவருக்குக் கேட்டது. ஓடினார், அறுபத்தொன்பது வயதில், பச்சைப் புல்லில் சப்பாத்து வழுக்க, வேலியைத் தாண்டினாரா குனிந்து போனாரா தெரியாது. ஒண்டுமில்லை மோனை ஒண்டுமில்லை. ஒன்றுமில்லையா. எலும்பு நாலு துண்டு.

ஆறு கிழமை கட்டுப்போட்ட காலோடு கூட்டுக்குள்ளேயே. அசையவிடக்கூடாது என்றார் மிருகவைத்தியர். அசையாமல் இருக்கச் சொல்லி நாய்க்கு எப்படி விளங்கப்படுத்துவது. பக்கத்தில் குந்தியிருந்து பேசிக்கொண்டே இருந்தால் அசையாது. அதுதான் வழி. பேசினார். ஆறு கிழமையும் பேசினார். முப்பது வருசப் பேச்சு. அயர்லாந்து டெர்பி அன்று கியோ கந்தோர் அறைக்குள் இருந்து டிவியில் பார்த்தான், பாதியில் நிறுத்திவிட்டு வெளியில் வந்து மழையில் நின்றான். இவர் உள்ளே இருந்து பார்த்தார். எழும்பிப் போய் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாய் தொடையில் தலை வைத்திருந்தது. எழும்பவில்லை. பிறகு ஒக்ரோபரில் மைதானம் மூடுகிற செய்தி, நொவெம்பரில் கடைசி ஓட்டநாள், கிழவர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவு நாளும் எங்கே இருந்தார்களோ. டிசெம்பரில் ஒவ்வொரு கூடாகக் காலியாயிற்று. இவரிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். கேட்க ஆளில்லை, தானே தன்னைக் கேட்டுக்கொண்டார். வீடு இரண்டாம் மாடியில், ஒரு அறை. புவனேசுவரிக்குச் சுவாசப்பை பழுது. நாய்மயிர் ஆகாது என்று டாக்குத்தர் எழுத்தில் தந்திருக்கிறார். வேலையால் போனால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், இந்தக் குளிரில், வெறும் மேலோடு, பக்கத்து வீட்டு மனுசி பார்க்க. ஆகாது என்றால் ஆகாதுதான்.

போன் அடித்தது. புவனேசுவரிதான்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பொம்பிளை வந்திட்டாவே?"

"இல்லை."

"அவவுக்குச் சொல்லிப்போடுங்கோ. வாயைத் திறந்து சொல்லுங்கோ, நாய்க்குத் தமிழ்தான் விளங்கும் எண்டு. இதில என்ன வெக்கம்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? நித்திரையில 'படு மோனை, படு மோனை' எண்டு கையால தட்டுறியள். நான் படுத்துத்தானே கிடக்கிறன்."

அந்தப்பக்கம் இருமினாள். இருமல் ஓயுமட்டும் போனைக் காதில் வைத்திருந்தார்.

"அந்தச் சீவனை அனுப்பிப்போட்டுப் பேந்து கிடந்து யோசிக்காதையுங்கோ," என்றாள். "வரேக்க பால் வாங்கி வாங்கோ."

வெட்கமா. வெட்கந்தான். ஆனால் முழுக்க அதுவுமில்லை. அன்றைக்கு ஜூடித் கூப்பிட்டபோது நாய் திரும்பவில்லை, அப்போதே சொல்லியிருக்கலாம், அம்மா பொறுங்கோ என்று ஒரு சொல். சொல்லவில்லை. ஏன். இந்த ஏன் இரண்டு கிழமையாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி, விழுங்கினாலும் போகாது, காறினாலும் வராது. இரவில் கறி ஆக்கின மணம் சட்டையில் இருந்தது, அதனால் கிட்டப் போகவில்லை என்று ஒரு சாட்டு. கியோ பக்கத்தில் நின்றான் என்று ஒரு சாட்டு. தன்னுடைய இங்கிலீசு அவசரத்துக்கு வராது என்று ஒரு சாட்டு. எல்லாம் சரி. ஆனால் அவள் கூப்பிட நாய் வேலியைப் பார்த்ததே, அந்த நேரம் இவருக்கு உள்ளே என்ன நடந்தது. சந்தோசம் வந்தது. கள்ளச் சந்தோசம். உன்னிடம் வராது, என்னிடம்தான் வரும். அதுதான். அதைத் தொட்டவுடன் நினைப்பு கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டு பாலுக்குப் போனது, பச்சை மூடியா நீல மூடியா, பச்சை, பச்சைதான் அவள் சொல்லுவாள், திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றது. நாயை வானில் ஏற்றப்போவது அயர்லாந்துக்காரன் அல்ல, இவர்தான். இந்த இரண்டு கிழமையும் இங்கிலீசு பழக்கிப் பார்த்தார். வாசல் பக்கம் ஆளில்லாத நேரம், கம் ஹியர் டென்னி. நாய் தலையைச் சரித்து அவரைப் பார்த்தது. யார் நீ என்று பார்த்தது. கம் ஹியர். எழும்பிப் போய்ப் படுக்கையில் சுருண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. அது செய்ததில் பிழையில்லை. அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. பேரியின் குரல் அது.

கியோ இரண்டு கோப்பையோடு வந்தான். ஒன்றை நீட்டினான். சாயம் கறுத்துப்போய், கசப்பு.

"ஈஸ்டருக்குப் பிறகு நீ என்னோட எத்தினை சொல்லுக் கதைச்சனி தெரியுமோ பேரி? பதினொண்டு. எண்ணி வைச்சிருக்கிறன்."

"ம்."

"பன்னிரண்டு," என்றான் கியோ. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. கூட்டுக்குள் பார்த்தான். "நல்ல கால். எவ்வளவு நல்ல கால் இது."

வாசலில் கார் சத்தம். நீளமான பழைய கார், பின்பக்கம் முழுக்கப் போர்வை. ஜூடித் இறங்கினாள். அறுபது வயதிருக்கும், ரப்பர்ச் சப்பாத்து, கையில் அதே தாள் மட்டை. பிந்தினதற்கு மன்னிப்புக் கேட்டாள், ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததாம். மரம் விழுந்தால் என்ன செய்வது. பரராசசிங்கம் எழும்பினார், ஒரு கையால் சுவரைப் பிடித்து, இரண்டு தவணையில். நாயைப் புல்வெளிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றார். நாய் வலது காலை மெல்ல ஊன்றிப் புல்லை மணந்தது. டென்னி, என்றாள் ஜூடித், டென்னி, கம் ஹியர், டார்லிங், கம். நல்ல குரல்தான். நாய் புல்லை மணந்தது. கையைத் தட்டினாள். காது திரும்பியது, தலை திரும்பவில்லை. பிஸ்கட்டை நீட்டினாள். நாய் அவளைத் தாண்டிப் பார்த்தது, வேலியோரம் நிற்கிற ஆளைப் பார்த்தது, ஆள் நிலத்தைப் பார்த்தார்.

"காது கேக்குது," என்றாள் ஜூடித் கியோவிடம். "அதுதான் எனக்கு இன்னும் கவலை. கேட்டும் திரும்புதில்லை. இது ஆரோடயும் சேரேல்லை, மிஸ்டர் கியோ. அந்த வீட்டில சின்னப்பிள்ளையள் இருக்கினம். ஏலாது."

பேனையை எடுத்தாள்.

"பிழை எங்கட," என்றான் கியோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். "ஒரு வருசம் இதோட ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் காலைத்தான் பாத்தனான். பேரி நல்ல வேலைக்காரன், ஆனா கல்லு. நாய் கல்லோட வளந்தா அதுவும் கல்லாத்தானே வரும்."

கல்லு. காது சூடானது. ஒருத்தரும் கதைக்கேல்லையாம். ஆறு கிழமை, முப்பது வருசப் பேச்சு, சபாநாயகம், கதியால், கத்தரிக்காய். பேனை தாளில் பட்டுவிட்டது, ஒரு எழுத்து விழுந்துவிட்டது, அது என்ன எழுத்து என்று இங்கிருந்து தெரியவில்லை.

"இஞ்ச வா மோனை," என்றார் பரராசசிங்கம்.

மெல்லத்தான் சொன்னார். நாய் புல்வெளியின் அந்தக் கரையில் நின்றது. திரும்பியதை ஒருவரும் காணவில்லை, வந்ததைத்தான் கண்டார்கள், ஒடிந்த காலோடு, முதுகு வில்லாக வளைந்து நீண்டு, புல்லில் கால் பட்டதோ இல்லையோ. வந்து உடம்பு முழுப் பாரத்தையும் அவர் தொடையில் சாய்த்துக்கொண்டு நின்றது. பொறு, என்றார். நின்றது. படு. படுத்தது. எழும்பு மோனை. எழும்பியது. கியோவின் வாய் திறந்தபடி இருந்தது. அது என்ன பாஷை என்று ஜூடித் கேட்டாள். தமிழ் என்றார். எப்போதிருந்து என்று கேட்டாள். சனவரி என்றார். அவள் தாளைக் கிழிக்கவில்லை, திருப்பி மறுபக்கத்தில் எழுதத் தொடங்கினாள். சொல்லுங்கோ, ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ. இஞ்ச வா. பொறு. படு. எழும்பு. வேண்டாம். சாப்பிடு. பிறகு போனை நீட்டி அதில் குரலைப் பிடித்துக்கொண்டாள், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுப் பழகட்டுமாம். பிறகு தானே சொல்லிப் பார்த்தாள். இஞ்சீ வா, மோனாய். கொலை. தமிழைக் கழுத்தைப் பிடித்து நெரித்தாள். நாய் காதை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அவர் வேலிக்கம்பியை எண்ணினார். இஞ்சீ வா மோனாய். இரண்டு அடி வைத்தது. மூன்று. போய் அவள் கையை மணந்தது. சொல்லுத்தான் அதுக்கு வேண்டியிருந்தது, ஆளில்லை. நல்லது. அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இருந்தால்தான் பிழைக்கும். நெஞ்சுக்குள் எதுவோ இறங்கியது, பாரமா ஆறுதலா தெரியவில்லை, இரண்டும் ஒரே நிறைதான்.

காரின் பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து வைத்தாள் ஜூடித். குதிக்கக்கூடாத கால். நாய் அரைவாசி ஏறினது, நின்று திரும்பிப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவனுக்குச் சொல்லுகிற போய்விட்டு வா என்பதைத்தான் சொன்னார். மகனை விமானத்துக்கு ஏற்றியபோதும் இதைத்தான் சொன்னார்.

"போட்டு வா மோனை."

நாய்க்குக் கேட்டது பின்பாதிதான். பலகையால் இறங்கி ஓடி வந்து கக்கத்துக்குள் தலையைச் செருகியது. ஜூடித் சிரித்தாள். திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். பலகையில் ஏற்றினாள். நாய் திரும்பிப் பார்த்தது. போட்டு வா, என்றார் பரராசசிங்கம், வாய் அவரைக் கேட்காமலே. திரும்பவும் இறங்கி வந்தது. இந்தமுறை ஜூடித் சிரிக்கவில்லை. பேரி, நீ என்ன சொல்லுறாய் அதுக்கு, என்றான் கியோ. போவென்றுதான் சொல்லுகிறேன் என்றார். போவென்று சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். வெறும் போ என்பதை வாழ்நாளில் ஒருவருக்கும் சொன்னதில்லை. செத்த வீட்டுக்குப் போகிறவனுக்குக்கூட அதைத் தனியாகச் சொல்லமாட்டார்கள். தாய் இருந்திருந்தால் வாயில் அடித்திருப்பாள். கழுத்துப் பட்டியைப் பிடித்துத் தானே பலகையில் ஏற்றிவிட்டார். போர்வையில் விட்டார். பின்னுக்கு வந்து நின்றார். நாய் பார்த்துக்கொண்டு நின்றது, காது இரண்டும் நேராக, பச்சை எழுத்துத் தெரிய.

"போ," என்றார்.

அந்தச் சொல் அதற்குத் தெரியாது. தலையைச் சரித்துக் காத்துக்கொண்டு நின்றது, வா என்கிற மிச்சம் வரும் என்று. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முன்சீட்டில் இருந்து ஜூடித் அந்தக் கொலைத்தமிழில் கூப்பிட்டாள். நாய் அந்தப்பக்கம் திரும்பியது. கியோ கதவைச் சாத்தினான்.

கார் வாசலைக் கடந்து, வேலியோரம் போய், விழுந்த மரத்துக்குச் சுற்றுகிற வழியில் திரும்பி, சத்தமும் ஓய்ந்தது. கியோ தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் பரராசசிங்கம் மிச்சத்தைச் சொன்னார்.